முதற் கல்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் தெஹியோவிட்டக் கடைத்தெருவில் என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். தோட்டத்துப் பாடசாலையில் என்னிடம் விஞ்ஞானம் பயின்றவன். இப்பொழுது கொழும்பில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் அவனுக்கு வேலை. நலம் விசாரித்து முடிந்ததும், தோளில் தொங்கிய பையிலிருந்து பழந்துணியிற் சுற்றிய கத்தி ஒன்றை எடுத்தான். மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கத்தியாம். நல்ல கரிம எஃகு, அகன்ற அலகு, கைக்கு அடக்கமான பிடி. ஆனால் வாய்ப்புறத்தில், நுனியிலிருந்து இரண்டு அங்குல நீளத்துக்கு, மயிற்கழுத்தைப் போல் ஒரு நீலம் படர்ந்திருந்தது.

“கூர் போயிருச்சுன்னு மெசின் சாணையில புடிச்சிட்டு வந்தேன், சேர். அன்னிக்கு நல்லாத்தான் வெட்டுச்சு. அப்புறம் இந்த எடத்துல மட்டும் ஒரு நாளைக்கு மேல கூர் நிக்கல. பெரிய சமையல்காரரு ஏசுறாரு. சொந்தமா ஒரு கல்லு வாங்கலாம்னு இருக்கேன். மொதல்ல எந்தக் கல்லை வாங்குறது?”

கேட்டது ஒரு கல்லைப் பற்றித்தான். ஆயினும் அந்தக் கேள்விக்குப் பின்னால் அவனுடைய பிழைப்பு நின்றது. விடிந்தது முதல் இரவு வரை வெங்காயமும் மரக்கறியும் அரிந்து குவிக்க வேண்டியவனுக்குக் கத்தியே முதல். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் வேண்டும். அழுத்தினால் அது வழுக்கும். வழுக்கினால் பொருளைப் பிடித்திருக்கும் கையைப் பதம் பார்க்கும். அவனுடைய இடக்கைச் சுட்டுவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அதற்குச் சான்று கூறியது.

உடனே விடை சொல்ல வாயெடுத்த நான் சற்றே நிறுத்திக்கொண்டேன். காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் அந்த நீலம் எதனால் வந்தது என்பதைப் பார்ப்போம்.

நீலம் சொன்ன செய்தி

கரிம எஃகு என்பது பெரும்பாலும் இரும்பே. அதனுள் நூற்றுக்கு 0.6 முதல் 1 பங்கு வரை, சிலவேளை அதற்குச் சற்று மேலாக, கரி கலந்திருக்கிறது. இச்சிறு கலப்பே இரும்பைக் கூர் தாங்கும் எஃகாக்குகிறது. செந்தணலாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தவுடன் அது மிகக் கடினமாகிறது; ஆனால் கண்ணாடியைப் போல் நொறுங்குந் தன்மையும் உடன் வந்துவிடுகிறது. ஆகையால் கொல்லர் அதனை மீண்டும் மெல்லிய சூட்டிற் காட்டி, கடினத்திற் சிறிதை விட்டுக்கொடுத்து, உறுதியைப் பெற்றுக்கொள்கிறார். சமையற் கத்திகளுக்கு இச்சூடு பெரும்பாலும் 200 பாகை செல்சியசை அடுத்து நிற்கும். பதம் என்று நம்மவர் சொல்வது இதனையே.

மினுக்கிய எஃகைச் சூடேற்றினால் அதன் மேற்பரப்பில் நிறங்கள் வரிசையாகத் தோன்றும். 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சள், பின்னர்க் கபிலம், அதன்பின் ஊதா, 300 பாகையை நெருங்கும்போது நீலம். ஆகவே கத்தியின் வாயில் நீலம் படர்ந்தது என்றால், கொல்லர் வைத்த பதத்தைச் சக்கரத்தின் சூடு தின்றுவிட்டது என்பது பொருள். மின்விசையாற் சுழலும் சாணையில், நீர் விடாமல், மெலிந்த விளிம்பைப் பிடித்தால் கண்ணிமைப் பொழுதில் இது நேர்ந்துவிடும். அவ்விடத்து எஃகு மென்மையடைந்து விடுகிறது. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நில்லாது. கெட்ட பகுதி முழுவதும் தேய்ந்து, கெடாத எஃகு வெளிப்படும் வரையில் கையாலே கல்லில் தேய்ப்பதுதான் வழி.

துருப்பிடியாத எஃகுக் கத்தியை வாங்கியிருந்தால் இத்தொல்லை இல்லையே என்று சிலர் நினைக்கலாம். சூட்டுக்கு அஞ்ச வேண்டியது அதற்கும் உண்டு. துருவை விலக்குவதற்காக அதில் குறைந்தது நூற்றுக்கு 10.5 பங்கு குரோமியம் சேர்க்கப்படுகிறது. அது துருவைத் தடுக்கிறது. ஆனால் கரியோடு சேர்ந்து உண்டாக்குங் கடினமான மணிகள் கல்லுக்கு எளிதில் இடங்கொடா. கரிம எஃகோ கல்லிற் பட்டவுடன் இசைந்து கொடுக்கும். மெல்லிய கூரை ஏற்கும். அதற்கு நாம் கொடுக்கும் விலை வேறு. எலுமிச்சங்காயோ வாழைப்பூவோ அரிந்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் அலகு கறுத்துப்போகும். ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் எங்கள் களனிப் பள்ளத்தாக்கில் ஓர் இரவு ஈரத்தோடு விட்டால், காலையில் துரு பூத்திருக்கும். ஆயினும் எங்கள் லயங்களின் அடுக்களைகளில் இன்றும் பலாக்காயையும் ஈரப்பலாக்காயையும் பிளப்பது, கிராமத்துக் கொல்லர் பழைய லொறியின் வில்லுத்தகட்டை அடித்துச் செய்து கொடுத்த மன்னாக் கத்திதான். அதுவும் கரிம எஃகே.

மண்ணில் கிடந்த கல்

எஃகும் அதனைத் தீட்டுங் கல்லும் சபரகமுவைக்குப் புதியன அல்ல. கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைவராயிருந்த நாட்களில் இம்மாகாணத்தின் மலைகளிலும் ஓடைகளிலும் அலைந்தவர். 1908இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில், அப்பொழுது மறைந்துகொண்டிருந்த இரும்புருக்குந் தொழிலையும் எஃகு செய்யும் முறையையும் பதிந்து வைத்தார். பின்னர், பலாங்கொடைக்கு அப்பாலுள்ள சமனலவெவப் பகுதியில் கில் ஜூலெவ் என்னும் அகழ்வாய்வு அறிஞர், மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்நோக்கி அமைந்த பழைய உலைகளைக் கண்டறிந்தார். துருத்தியை நம்பாது காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகள் அவை. காலம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. 1994இல் அவ்வாறே உலை கட்டிக் காற்றில் எரித்துப் பார்த்தபோது கரி மிகுந்த எஃகே கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அச்செய்தியை உலகுக்கு அறிவித்தது. கடலுக்கு அப்பால், ஈரோடு மாவட்டத்து நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலைத் தோண்டியவர்களும் உலைகளையும் மூசைகளையும் கண்டிருக்கின்றனர். எஃகு நமக்கு இரவல் அறிவன்று.

கல்லின் கதை இதனினும் சுவையானது. இரத்தினபுரியில் ‘இல்லம’ எனப்படும் சரளைப் படிவைத் தோண்டிக் கழுவி எடுக்கும் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் ஒரே கனிப்பொருளின் இரு வேடங்கள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த குருந்தம் என்பதே அக்கனிப்பொருள். சிறிது இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். சிறிது குரோமியம் கலந்தால் சிவப்பு. கத்தியைத் துருவினின்று காக்கும் அதே குரோமியந்தான் மாணிக்கத்துக்கும் நிறங் கொடுக்கிறது. நிறமும் தெளிவும் அற்ற குருந்தத்தைப் பொடித்து அரக்கோடு சேர்த்துப் பிடித்ததே இந்தியக் கம்மியரின் பழைய சாணைச் சக்கரம். குருந்தம் என்னும் நம்முடைய சொல்லே ஆங்கிலத்திற் ‘கொரண்டம்’ ஆயிற்று என்று சொற்பிறப்பு அறிஞர் கூறுவர்.

1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் மின்னுலையிற் புதியதொரு கடினப் பொருளைக் கண்டார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தவறாக எண்ணிக் ‘கார்பொரண்டம்’ என்று பெயரிட்டுவிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்தது, குருந்தத்தினுங் கடினமானது. பிழையாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் சென்னையில் முருகப்பா குழுவினர் அமெரிக்க, ஆங்கிலக் கம்பனிகளுடன் கூடிக் கார்பொரண்டம் யுனிவர்சல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். தமிழகத்திலிருந்து ஏறிச் சென்ற ஒரு சொல், வேறொரு பொருளைச் சுமந்துகொண்டு, சற்றே உருமாறித் தமிழகத்துக்கே திரும்பி வந்துவிட்டது! இன்று இலங்கையின் எந்த ஹாட்வெயார் கடையிலும் ‘கார்பொரண்டம் கல்’ என்று கேட்டால் இருபக்கக் கல் ஒன்றை எடுத்துத் தருவார்கள்.

பல ஆண்டுகளாக நான் கனிப்பொருள்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுத்திட்டத்தைக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். 7 என்ற எண்ணுக்கு எதிரே படிகக்கல். 9க்கு எதிரே குருந்தம். 10க்கு எதிரே வைரம். பிள்ளைகள் மனனஞ் செய்து ஒப்புவித்தார்கள். அவர்களுடைய தந்தையர் அக்குருந்தத்தையோ அதற்கு உறவான கல்லையோ சட்டைப்பையில் இட்டுக்கொண்டு விடியுமுன் இறப்பர் மரத்தடிக்குச் சென்றார்கள் என்ற எண்ணம் ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. கடைத்தெருவில் என் வாயை நிறுத்தியது இந்த நினைவுதான். அம்மாணவனுடைய தந்தையார் முப்பது ஆண்டுகளாகப் பால் வெட்டுகிறவர். விடை அவன் வீட்டிலேயே இருந்தது. அவனும் அதை அறியவில்லை. அவனுக்குக் கற்பித்த நானும் அறியவில்லை.

“வா, உன் அப்பாவிடம் கேட்போம்” என்றேன்.

பால்வெட்டுக்காரரின் கல்

1876இல் என்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூத் தோட்டத்தில் முளைத்தன. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 1900 நாற்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவிலுள்ள எனரத்கொடத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. அதன் பின்னரே களனிப் பள்ளத்தாக்கின் குன்றுகளை இறப்பர் மூடியது. ஆனால் மரம் இருந்தால் மட்டும் பால் வந்துவிடாது. அதனை வெட்டும் வகையறியாது முற்காலத்தில் மரங்களைக் கொத்திப் புண்ணாக்கினார்கள். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை 1890களில் சிங்கப்பூரில் ரிட்லி என்பவர் உருவாக்கிய பின்னரே இத்தொழில் நிலைபெற்றது.

பால்வெட்டின் நுட்பம் முழுவதும் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கியிருக்கிறது. பாற்குழாய்கள் மிகுதியாயிருப்பது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, புதிய பட்டையை வளர்க்கும் மெல்லிய படை உண்டு. கத்தி அப்படையைத் தொடாமல், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இப்பால் நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்திற் புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். மறுபடியும் அங்கே வெட்ட முடியாது. நட்டு ஏறத்தாழ 6 ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் எடுக்க வேண்டிய மரத்தின் ஆயுள், ஒரு கத்தியின் கூரிலும் அதனைப் பிடித்த கையிலும் தங்கியிருக்கிறது. இத்தொழிலைத்தான் நாம் ‘கூலி வேலை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

நாங்கள் சென்றபோது அவர் லயத்தின் பின்படியில் அமர்ந்து தம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இலங்கைத் தோட்டங்களில் வழங்கும் மிச்சி கொலெச் கத்தி அது. அதன் வாய் நேராக இராது. மடித்த இலையைப் போல் வளைந்திருக்கும். அவர் கையிலிருந்த கல் நான்கு அங்குல நீளம் இருக்கும். ஆப்பைப் போல் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்து, ஓரம் உருண்டு, கத்தியின் மடிப்புக்குள் சரியாகப் புகுந்து வெளிவந்தது.

மகன் தன் கத்தியை நீட்டினான். அவர் அலகைப் பார்க்கவில்லை. வாயை மேலே திருப்பி, வானத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

“இங்க பாரு, வெள்ளையா ஒரு கோடு மின்னுது. அதுதான் மழுங்கல். கூரு இருந்தா கண்ணுக்கே தெரியாது” என்றார். பிறகு நீலத்தைப் பெருவிரலால் தடவி, “இது செத்த இரும்பு” என்றார். நான் சற்று முன்னர் இரண்டு பந்திகளில் விளக்கியதை அவர் மூன்று சொற்களில் முடித்துவிட்டார்.

“மழுங்குன கத்தியால மரத்த வெட்டுனா என்ன ஆகும்?” என்று நான் கேட்டேன்.

“இழுக்கணும், மாஸ்டர். இழுத்தா எலும்புல படும். மரம் பேசாது. ஆனா பல வருசம் கழிச்சு அந்த எடத்துக்கு நாமதான் திரும்பி வரணும்.”

மகனுக்கு ஓர் ஆசை பிறந்தது. “அப்பா, இந்தக் கல்லையே நான் எடுத்துக்கிட்டுப் போகவா?” என்றான். கதைகளிலே இவ்விடத்தில் தந்தை தம் கல்லைக் கண்ணீரோடு எடுத்துக் கொடுத்திருப்பார். இவர் தலையை ஆட்டினார்.

“இது ஆவாது. இது வளைவுக்குள்ள போற கல்லு. ஒன் கத்தி நேர்க் கத்தி. இதுல தேச்சா வாயில அலை விழும். ஒன் கத்தி நீளத்துக்கு ஏத்த மாதிரி நீளமா, தட்டைக் கல்லா வாங்கு.”

முதற்பாடம் இதுவே. கருவிக்கு ஏற்ற கல்லைத் தேர வேண்டும். உணர்ச்சிக்கு இதில் இடமில்லை.

எண் என்ன சொல்கிறது?

கடையில் விற்குங் கற்களில் ஓர் எண் பொறித்திருக்கும். அது கல்லிலுள்ள மணிகளின் பருமனைக் குறிக்கிறது. எண் கூடக் கூட மணி சிறுக்கும். 220 என்றால் ஒரு மில்லிமீற்றரின் பதினைந்தில் ஒரு பங்கு அளவான மணி. யப்பானிய முறைப்படி 1000 என்றால் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு. நாட்டுக்கு நாடு அளவுமுறை வேறுபடுவதால், ஐரோப்பிய முறையில் 1000 என்று எழுதியது யப்பானிய 1000ஐ விட மிக நுண்ணியதாயிருக்கும். ஆகவே எந்த முறை என்பதையும் கேட்டறிய வேண்டும்.

200 முதல் 400 வரை உள்ளவை கரடான கற்கள். வாய் உடைந்த கத்திக்கும், பதம் கெட்ட கத்திக்கும், ஆண்டுக்கணக்கில் கவனியாது விட்ட கத்திக்கும் இவை வேண்டும். 800 முதல் 1200 வரை நடுத்தரம். நாளும் வேலை செய்து சாதாரணமாக மழுங்கிய கத்திக்கு இவை போதும். 3000க்கு மேற்பட்டவை மினுக்குங் கற்கள்.

முதன்முதலில் வாங்குவோர் பெரும்பாலும் இரு பிழைகளில் ஒன்றைச் செய்கின்றனர். நுண்மையே மேன்மை என்றெண்ணி 6000 எண்ணுள்ள கல்லை வாங்கி, மழுங்கிய கத்தியை அதில் மணிக்கணக்கில் தேய்க்கின்றனர். மழுங்கல் பளபளக்கிறது, கூர் வருவதில்லை. மற்றவர், மலிவு என்பதற்காக இருபக்கக் கார்பொரண்டம் கல்லோடு நின்றுவிடுகின்றனர். அதன் ‘நுண்ணிய’ பக்கமுங்கூடப் பெரும்பாலும் 240 அல்லது 320 அளவினதே. மன்னாக் கத்திக்கு அது போதும். தக்காளியை நசுக்காமல் மெல்லிதாய் அரிய வேண்டிய கத்திக்கு அது போதாது. வாயில் வாள்ப்பல் போன்ற கீறலை விட்டுவிடும்.

எனவே, ஒரே ஒரு கல் வாங்கப் பணமிருந்தால் 1000 எண்ணுள்ள நீர்க்கல் ஒன்றை வாங்குக. 200 மில்லிமீற்றர் நீளமும் 50 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலமும் இருக்கட்டும். கத்தியிற் பழுது இருந்தால் மாத்திரம், மலிவான இருபக்கக் கார்பொரண்டம் கல்லை அதற்குத் துணையாக வாங்குக. மினுக்குங் கல்லுக்கு அவசரமில்லை. நாவிதர் கத்தி தீட்டுவது போன்ற ஒரு தோல்வார் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். வைரத்துகள் பதித்த தகடு விரைவாகத் தேய்க்கும், குழி விழாது, ஆனால் நல்லது விலை கூடியது. இழுத்து உருவுங் கருவிகள் வாயைச் சுரண்டுகின்றன. மின்சாரச் சாணையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டியதில்லை.

அர்க்கன்சாசின் நொவக்குலைற்றும், செம்மணித் துகள் நிறைந்த பெல்சியத்துக் கல்லும், கியோத்தோவை அடுத்த மலைகளின் கல்லும் உலகப் புகழ் பெற்ற இயற்கைக் கற்கள். நம் முன்னோர் ஆற்றுப் பாறையிலும் அம்மியின் ஓரத்திலும் தீட்டினர். பலகையில் வெண்கற்பொடியைத் தூவி அரிவாள் தீட்டும் வழக்கமும் உண்டு. ‘தீட்டின மரத்திலே கூர் பார்ப்பது’ என்னும் பழமொழியிலே மரம் வந்தது அவ்வாறுதான். ஒன்றுமில்லாத இடத்தில், பீங்கான் கோப்பையின் மெருகில்லாத அடிவிளிம்பும் ஆபத்துக்கு உதவும். ஆனால் தொடக்கக்காரனுக்கு, மணிகள் ஒரே அளவாயுள்ள செயற்கைக் கல்லே நல்லது. இன்றைக்கு ஒரு விதமாகவும் நாளைக்கு ஒரு விதமாகவும் அது நடவாது.

எந்தக் கல்லாயினும் உலர்ந்தபடி தேய்க்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செஃபீல்டு நகரத்தில், உலர்ந்த மணற்கல் சக்கரங்களில் முட்கரண்டி தீட்டியவர்கள் கற்றூளை மூச்சில் இழுத்து இளவயதிலேயே மாண்டார்கள். நாம் உண்ணும் மேசைக்கு வரும் கருவிகளுக்கு இப்படியும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. நீர் கத்திக்கு மட்டுமன்று, நெஞ்சுக்கும் காவல்.

கோணமும் பிசிறும்

அன்று மாலையே கடைத்தெருவுக்குத் திரும்பிச் சென்று கரடான இருபக்கக் கல் ஒன்றை வாங்கி வந்தோம். பின்படியில் ஈரச்சாக்கை விரித்து, அது நழுவாதபடி கல்லை வைத்தார் தந்தையார். கோணத்தைப் பற்றிக் கேட்டபோது, “மடிச்ச தாளு ஒசரத்துக்குப் புடி” என்றார். விளங்கவில்லை. ஒரு தாளின் மூலையை எடுத்துப் பாதியாய் மடித்தார். மறுபடியும் பாதியாய் மடித்தார். 90 பாகை 45 ஆயிற்று. 45 பாகை இருபத்திரண்டரை ஆயிற்று. அதனினும் சற்றே தாழ்த்திப் பிடித்தால் சமையற் கத்திக்குரிய கோணம். கணிதம் விரும்பும் மாணவர்கள் இதனைச் சைன் அட்டவணை கொண்டும் பார்க்கலாம். அலகின் அகலம் 40 மில்லிமீற்றர் என்றால், முதுகுப்புறம் கல்லினின்று 10 மில்லிமீற்றருக்குச் சிறிது கூடுதலாக உயர்ந்து நிற்க 15 பாகை. 14 மில்லிமீற்றரை அடுத்து உயர்ந்தால் 20 பாகை. இவ்விரண்டுக்கும் இடையில் எதுவும் தகும். கோணம் எது என்பதைவிட, அது மாறாதிருப்பதே முதன்மை.

ஐயமிருந்தால் வாயோரத்திற் கறுப்பு மை பூசி இரண்டு தடவை தேய்த்துப் பார்க்கலாம். மை முழுவதும் அழிந்தால் கோணம் சரி. மேலோரத்தில் மட்டும் அழிந்தால் கத்தி படுத்துவிட்டது. நுனியில் மட்டும் அழிந்தால் நிமிர்ந்துவிட்டது.

ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாத பிசிறு ஒன்று எழும். விரலை வாயினின்று வெளிப்புறமாக மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். வாயின் முழு நீளத்திலும் பிசிறு எழுந்தாலன்றி மறுபக்கத்துக்கு மாறக்கூடாது. பின்னர் மறுபக்கத்திலும் அவ்வாறே. அதன்பின் நடுத்தரக் கல்லில், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, பக்கம் மாற்றி மாற்றி. இறுதியில் தோலில் பின்புறமாக இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். பிசிறோடு விட்ட கத்தி முதல் நாள் கூர்மை காட்டி இரண்டாம் நாள் மடங்கிவிடும்.

மகன் இரண்டு மாலைகள் தேய்த்தான். தந்தையார் பெரும்பாலும் பேசாமல் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒலி மாறிய போதெல்லாம், “ஒசத்திட்ட” என்றார். அவ்வளவே. அலகு இரண்டு மில்லிமீற்றர் தேய்ந்தது, நீலம் போயிற்று. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது வெள்ளைக் கோடு இல்லை. முகத்திலே பெருமிதம் தோன்ற மகன் கல்லை அலம்பி எடுத்து வைக்கப் போனான். அவர் தடுத்துக் கல்லைக் காட்டினார். நடுவிற் குழி விழுந்திருந்தது.

கல்லைக் காப்பது

கத்தி கல்லைத் தேய்க்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அரம் பொன்னைத் தேய்ப்பதை 888ஆம் குறளில் உவமையாக்கினார் வள்ளுவர். இங்கே தேய்மானம் இருபுறமும் உண்டு. குழி விழுந்த கல்லில் நேரான வாய் அமையாது. ஆகையால் கல்லின் முகத்திற் பென்சிலாற் கட்டம் வரைந்து, சமமான சீமெந்துத் தரையில் நீரும் நுண்மணலும் இட்டுத் தேய்க்க வேண்டும். எல்லாக் கோடுகளும் அழிந்தால் முகம் மட்டமாயிற்று என்று கொள்ளலாம். மாதம் ஒருமுறை செய்தால் சிறு வேலை. ஆண்டுக்கொருமுறை செய்தால் பெரும்பாடு.

நீர்க்கல்லைக் குமிழி அடங்கும் வரை நீரில் ஊறவைத்து எடுக்கலாம். மேலே நீர் தெளித்தாலே போதும் என்ற வகையும் உண்டு. நீர்க்கல்லில் எண்ணெய் படலாகாது. எண்ணெய் விட்டுப் பழக்கிய கார்பொரண்டம் கல்லுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஏற்றது. சமையல் எண்ணெய்கள் பல நாட்படப் பிசினாகிக் கல்லின் வாயை அடைத்துவிடும். வேலை முடிந்தபின் கத்தியை நன்றாகத் துடைத்து, அலகில் மட்டும் மெல்லிதாகத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கலாம். எங்கள் மழைக்கு அது நல்ல போர்வை.

மாணவன் கொழும்புக்குத் திரும்பி, அடுத்த சம்பளத்தில் 1000 எண்ணுள்ள கல்லை வாங்கிவிட்டதாகத் தொலைபேசியிற் சொன்னான். பெரிய சமையற்காரர் இப்பொழுது தம்முடைய கத்தியையும் அவனிடம் தருகிறாராம். சம்பளம் உயரவில்லை. ஆனால் விரலிற் பிளாஸ்திரி இல்லை என்றான்.

இவ்வாண்டு மோஸ் அளவுத்திட்டப் பாடம் வந்தபோது, நான் கரும்பலகைக்குப் போகுமுன் அவனுடைய தந்தையாரை வகுப்புக்கு அழைத்தேன். வேறெந்த நாளிலும் வர இயலாது என்று, மழை நாளொன்றில் வந்தார். மழை பெய்தால் மரம் வெட்டுவதில்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய வருமானமும் ஐயந்தான். சட்டைப்பையிலிருந்து ஆப்புக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். பிள்ளைகள் அதனைக் கைமாற்றிப் பார்த்தார்கள். அவர்களிற் பலர் அதை முன்பே வீட்டிற் கண்டிருந்தார்கள். ஆயினும் பாடசாலை மேசைமீது அது வைக்கப்பட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள்.